ஊர்ப் பணத்தில் வாங்குவது: உறை பிரிக்கும் முன்னும் பின்னும்

(நாசரேத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவன் நான். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். நம்முடைய பேரூராட்சிகளும் நகராட்சிகளும் ஊராட்சிகளும் பொருள் வாங்குவது எப்படி, வேலை விடுவது எப்படி, அதை இன்னும் நன்றாகச் செய்ய என்ன வழி என்பதே என் பொருள்.

இந்த மண்டபத்துக்கு வரும் வழியில் நீங்கள் நடந்த சிமெண்ட் சாலை, அதன் ஓரத்து வாறுகால், தலைக்கு மேல் எரிந்த தெருவிளக்கு, காலையில் வாசலுக்கு வந்த குப்பை வண்டி, குழாயில் வந்த தண்ணீர், அந்தத் தண்ணீரில் கலந்த குளோரின், எல்லாமே ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பாகத் தொடங்கியவை. ஒருவர் மதிப்பீடு போட்டார். மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. டெண்டர் விட்டார்கள், ஒருவர் எடுத்தார். வேலை நடந்தது, பட்டியல் போட்டார்கள், பணம் கொடுத்தார்கள். இதில் எந்த இடத்தில் தவறு நடந்தாலும் அது கடைசியில் நம் தெருவுக்குத்தான் வந்து சேரும். அடுத்த மழைக்கு ஜல்லி பெயர்ந்து கிடக்கும் சாலையாக வரும். ஆறு மாதத்தில் அணைந்துபோகும் விளக்காக வரும்.

இதே வழியில் நல்லதும் வந்து சேர்ந்திருக்கிறது. தூத்துக்குடி மக்கள் இன்றும் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துவை நன்றியோடு நினைக்கிறார்கள் என்றால், நகராட்சித் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார் என்பதே காரணம். 1927-இல் நிறைவேறிய அந்தக் குடிநீர்த் திட்டத்தைக் கணக்குப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். குழாய் வாங்க வேண்டும், பள்ளம் தோண்ட வேண்டும், எந்திரம் நிறுவ வேண்டும், வந்த பொருள் சரியா என்று பார்க்க வேண்டும், பணம் கொடுக்க வேண்டும். ஒரு தலைவருடைய கனவு ஊருக்குத் தண்ணீராக மாறியது இத்தனை வாங்கல்களின் வழியாகத்தான். ஆகவே கொள்முதலை எழுத்தர்களின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. உள்ளாட்சியின் உயிர்நாடி அது.

நான் சொல்ல வந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெண்டர் உறையைப் பிரிக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குச் சட்டத்தின் வெளிச்சம் நன்றாகவே கிடைத்திருக்கிறது. உறை பிரிப்பதற்கு முந்தைய மாதங்களுக்கும், பிரித்த பிறகு வரும் ஆண்டுகளுக்கும் அந்த வெளிச்சம் போதவில்லை. ஊர்ப் பணம் பெரும்பாலும் இழக்கப்படுவது அந்த இரண்டு இடங்களில்தான்.

முத்துச் சலாபம் நடந்த முறை

இந்தக் கருத்துக்கு நம் கடற்கரையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில், குளிப்பை அறிவிப்பதற்கு முன் கடலடியிலுள்ள சிப்பிப் படுகைகளான பார்களை ஆய்வு செய்வார்கள். ஒரு பாரிலிருந்து மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைத் தேர்ந்த வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று தெரிந்த பிறகே சலாபம் அறிவிக்கப்படும். தோணிகள் கரை திரும்பியதும் சிப்பிகளைக் கொட்டி, எண்ணி, பங்கு பிரிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு, மற்றவை அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்குப் போகும். முத்து, சங்கு குளித்துறைகளின் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தக் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். தூத்துக்குடியில் தொடர்ச்சியாக நடந்த கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரையிலானவை.

மூடிய சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட பொருளில்கூட ஒரு நம்பிக்கையான வியாபாரம் நடந்ததற்கு இரண்டு காரணங்கள். ஏலத்துக்கு முன்பே மாதிரி எடுத்து மதிப்பை நிர்ணயித்தார்கள். கரைக்கு வந்த சரக்கைப் பலர் பார்க்க எண்ணினார்கள். ஏலம் கூவியது இவை இரண்டுக்கும் நடுவில் வந்த ஒரு படி. நம் டெண்டர் முறையில் நடுவிலுள்ள படியை மட்டும் பலப்படுத்திவிட்டு, முன்னதையும் பின்னதையும் அலுவலக அறைக்குள் விட்டுவிட்டோம்.

சட்டம் தந்தவை

நடுவிலுள்ள படியைப் பலப்படுத்தியதில் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. 1998-இல் நம் சட்டமன்றம் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. இப்படியொரு சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் நாம்தான். அடுத்த ஆண்டு கர்நாடகம் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான பொதுக் கொள்முதல் மசோதா 2012-இல் மக்களவைக்கு வந்து, சட்டமாகாமலே காலாவதியானது.

நம் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் சாதாரணக் குடிமகனும் தெரிந்துகொள்ள வேண்டியவை. டெண்டர் அறிவிப்பை ஒப்பந்தப்புள்ளி அறிவிதழில் வெளியிட வேண்டும். இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதானால் குறைந்த புள்ளி கொடுத்தவரிடம் மட்டுமே பேசலாம். யாருடைய புள்ளி ஏற்கப்பட்டது, மற்றவர்களுடையது ஏன் தள்ளப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டும். புள்ளி போட்டவர்களில் முடிவில் குறை காண்பவர் 10 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அதற்கு மேல் மின்னணு முறை வந்தது. ஒரு காலத்தில் டெண்டர் படிவம் வாங்க அலுவலகத்துக்குப் போனவரை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிய கதைகள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. பெட்டியில் உறையைப் போடவிடாமல் தடுத்த கதைகளும் உண்டு. இணையவழியில் புள்ளி போடுவது வந்த பிறகு அந்த அடாவடிக்கு இடம் குறைந்தது. இதற்காகப் பாடுபட்ட அதிகாரிகளுக்கும் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய சிறு ஒப்பந்ததாரர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனாலும், விதி ஒவ்வொன்றையும் கடைப்பிடித்து முடித்த கோப்பின் பேரில் போட்ட சாலை ஒரு வருடத்தில் பெயர்ந்து கிடப்பதை நாம் பார்க்கிறோம். கோப்பில் குறையில்லை, சாலையில் குறை இருக்கிறது. காரணத்தை உறைக்கு முன்னும் பின்னும் தேட வேண்டும்.

உறைக்கு முன்

முதலாவது, எது தேவை என்பது. ஒரு வார்டில் வாறுகாலில் தண்ணீர் தேங்குகிறது என்று மக்கள் மனு கொடுப்பார்கள். மதிப்பீடு வருவது அந்தத் தெருவுக்குப் பேவர் பிளாக் பதிக்க. பேவர் பிளாக் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம். வாறுகாலின் வாட்டம் சரிசெய்தது யார் கண்ணுக்கும் தெரியாது. தெருவின் மட்டம் உயர்ந்து, அடுத்த மழையில் தண்ணீர் வீட்டுக்குள் போகும். இந்தத் தவறை எந்த டெண்டர் விதியாலும் திருத்த முடியாது. டெண்டருக்கு வரும்போதே தவறான பொருளை வாங்க முடிவாகிவிட்டது.

இரண்டாவது, விவரக்குறிப்பு. எதை வாங்குகிறோம் என்று எழுதுகிற அந்த இரண்டு பக்கம்தான் கோப்பின் இதயம். ஒரு பேரூராட்சியின் கோப்பில், குப்பை அள்ளும் வண்டிக்கான விவரக்குறிப்பு ஒரு தயாரிப்பாளரின் விற்பனைக் கையேட்டை அப்படியே பார்த்து எழுதியதாக இருந்தது. நீளம், அகலம், கைப்பிடியின் வளைவு, பெயிண்டின் நிறம் வரை ஒன்று. மூன்று புள்ளிகள் வந்திருந்தன, இரண்டு தகுதியில்லை என்று தள்ளப்பட்டன, மூன்றாவது ஏற்கப்பட்டது. காகிதத்தில் எல்லாம் முறைப்படி. போட்டி முடிந்துபோனது டெண்டர் திறந்த நாளில் அல்ல, அந்தக் கையேடு எழுத்தரின் மேசைக்கு வந்த நாளில்.

விவரக்குறிப்பு குறுகலாக இருந்தால் போட்டி சாகும். தளர்வாக இருந்தால் தரம் சாகும். நம் கடற்கரைக்கு இது இன்னும் முக்கியம். மணப்பாடு, திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கம் உப்புக் காற்று கம்பியைத் தின்னும். கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கம்பிக் கான்கிரீட்டைக் கடுமையான சூழலில் உள்ளதாகக் கருதுகிறது. குறைந்தது எம் 30 தரக் கலவையும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவசக் கனமும் வேண்டும் என்கிறது. மிதமான சூழலுக்குச் சொல்லியிருப்பது எம் 25 கலவையும் 30 மில்லிமீட்டரும். உள்நாட்டு ஊர் ஒன்றுக்குப் போட்ட மேல்நிலைத் தொட்டியின் மதிப்பீட்டைப் பெயரை மட்டும் மாற்றிக் கடற்கரை ஊருக்கு எடுத்துக்கொண்டால், ஒப்பந்ததாரர் நேர்மையாகவே கட்டினாலும் சில ஆண்டுகளில் கம்பி துருத்தி நிற்கும். அங்கே பணத்தை யாரும் திருடவில்லை. ஆனாலும் ஊர்ப் பணம் போய்விட்டது. மதிப்பீட்டை அந்தந்த ஊரின் மண்ணையும் காற்றையும் பார்த்துப் போட வேண்டும்.

மூன்றாவது, வேலையைப் பிரிப்பதும் சேர்ப்பதும். மேலதிகாரியின் அனுமதி வரம்புக்குக் கீழே கொண்டுவர ஒரே சாலையை மூன்று துண்டாக்குவது ஒரு வகைத் தவறு. பத்துத் தெரு வேலைகளை ஒரே பேக்கேஜாகக் கட்டி, உள்ளூர் ஒப்பந்ததாரர் எவரும் நெருங்க முடியாத அளவுக்குத் தகுதி நிபந்தனை வைப்பது அதற்கு எதிரான தவறு. இரண்டிலும் பாதிக்கப்படுவது போட்டிதான்.

நாசரேத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு மிஷனரி மர்காஷிஸ் ஐயர் நினைவு வருகிறது. அவர் 1876-இல் இவ்வூருக்கு வந்து, 1878-இல் கலைத் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். தச்சும் கொல்லும் நெசவும் தையலும் கற்றுக்கொண்டு கைத்தொழிலில் தேர்ந்தவர்கள் இந்தச் சின்ன ஊரிலிருந்து தலைமுறை தலைமுறையாக வெளியே போயிருக்கிறார்கள். பள்ளிக்கு மேசை, பெஞ்சு வாங்குவதற்கும் தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பதற்கும் இப்படிப்பட்ட கைகள் பக்கத்திலேயே இருக்கும்போது, அவர்கள் எட்ட முடியாத நிபந்தனைகளை எழுதி வைப்பது யாருக்கு நல்லது? தரத்தில் சலுகை கேட்கவில்லை. வேலையின் அளவுக்குத் தக்க முன்வைப்புத்தொகை, வேலையின் அளவுக்குத் தக்க முன்னனுபவம், தெளிவான தமிழில் அறிவிப்பு, இணையவழிப் புள்ளி போடக் கற்றுக்கொடுக்க வருடத்துக்கு ஒரு பயிற்சி. இவ்வளவு செய்தால் இன்னும் பல பேர் முன்வருவார்கள். பல பேர் வந்தால் சிண்டிகேட் தானாகத் தளரும்.

சிண்டிகேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த முறை நீ, அடுத்த முறை நான் என்று முன்கூட்டியே பேசிவைத்துப் புள்ளி போடுவது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்ட செயல். அபராதம் விதிக்கும் அதிகாரம் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு இருக்கிறது. ஒரே ஊரில் ஐந்தாண்டுகளின் டெண்டர் முடிவுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே பேசிவைத்த ஒழுங்கு பல சமயம் தெரிந்துவிடும். அந்தத் தாளை எழுதிப் பார்க்கிற வழக்கம்தான் நமக்கு இல்லை.

நான்காவது, விலை. குறைந்த புள்ளிக்குக் கொடுப்பது நல்ல விதி. எதன் விலை குறைவு என்று கேட்டுவிட்டுப் பின்பற்ற வேண்டிய விதி. குடிநீர் மோட்டாரின் விலை அதன் வாழ்நாள் செலவில் சிறு பகுதிதான். மின்கட்டணம்தான் பெரும்பகுதி. மலிவான மோட்டாரை வாங்கிய பேரூராட்சி அந்த மிச்சத்தைச் சில மாதங்களிலேயே மின்வாரியத்துக்குக் கட்டிவிடும். தெருவிளக்கும் அப்படியே. புறநிலையான அளவுகோல்களை வைத்து மதிப்பிடச் சட்டமே இடம் தருகிறது. மின்செலவையும் உத்தரவாதக் காலத்தையும் பணமாகக் கணக்கிட்டு விலையோடு கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையில் யார் குறைவோ அவருக்குக் கொடுப்போம் என்று டெண்டர் அறிவிப்பிலேயே எழுதிவிடலாம். பிறகு மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

உறைக்குப் பின்

இனி, பணி ஆணை கொடுத்த பிறகு நடப்பதற்கு வருவோம்.

உள்ளாட்சி அலுவலகத்தில் அளவைப் புத்தகம் என்று ஒன்று உண்டு. எம்-புக் என்பார்கள். ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பது டெண்டரை வைத்து அல்ல, இந்தப் புத்தகத்தை வைத்துத்தான். அதில் ஒரு சாதாரண வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் கான்கிரீட் சாலை, நீளம் 48 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 0.15 மீட்டர். பெருக்கினால் 21.6 கன மீட்டர். நீளத்தையும் அகலத்தையும் யாரும் எப்போது வேண்டுமானாலும் அளந்துவிடலாம். கனத்தை, போட்டு முடித்த பிறகு, வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். 15 சென்டிமீட்டர் என்று எழுதிய இடத்தில் 12 சென்டிமீட்டர்தான் போட்டிருந்தால் அங்கே கிடப்பது 17.28 கன மீட்டர். 4.32 கன மீட்டர் கான்கிரீட்டைக் காணோம், ஐந்தில் ஒரு பங்கு. கன மீட்டருக்கு ஆறு மூட்டை சிமெண்ட் என்று வைத்தாலும் ஒரு சின்னச் சந்தில் மட்டும் 25 மூட்டைக்கு மேல். ஊர்ப் பணம் போகும் வழி அந்த மூன்று சென்டிமீட்டர்.

டெண்டரில் மதிப்பீட்டைவிட மிகவும் தாழ்ந்து புள்ளி போட்டு வேலையை எடுத்தவர் நட்டத்தை எங்கே சரிக்கட்டுவார் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. கலவையில் சிமெண்ட் குறையும், கனம் குறையும், தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தும் நாட்கள் குறையும். மிகவும் தாழ்ந்த புள்ளிக்குக் கூடுதல் பிணைத்தொகை வாங்குவது நல்ல பாதுகாப்பு. வேலை நடக்கும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பது அதைவிட நல்ல பாதுகாப்பு.

அந்த ஒருவர் யார்? பல பேரூராட்சிகளுக்கு ஒரே பொறியாளர் என்ற நிலையில் அவர் எல்லா வேலைத்தளத்திலும் நிற்க முடியாது. தெருவில் குடியிருப்பவர் நிற்க முடியும். சட்டமும் அவருக்குத் துணை. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் காகித நகல் வாங்கும் உரிமையை மட்டும் தரவில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அதன் 2-ஆம் பிரிவு உரிமை தருகிறது. எம்-புக் நகலைக் கேட்பவர்கள் சிலர் உண்டு. கான்கிரீட் மாதிரியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. 15 சென்டிமீட்டர் கனசதுர மாதிரியை வேலை நடக்கும் அன்றே பொதுமக்கள் முன்னிலையில் எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, 28-ஆம் நாள் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சோதித்து, முடிவை அந்தத் தெருவிலேயே ஒட்டினால் என்ன? செலவு வேலைத் தொகையில் மிகச் சொற்பம்.

பணம் கொடுப்பதிலும் ஒரு நீதி வேண்டும். நல்ல வேலை செய்தவர் பட்டியல் தொகைக்காக மாதக்கணக்கில் நடையாய் நடந்தால், அடுத்த டெண்டருக்கு அவர் வரமாட்டார். தாமதத்தைச் சரிக்கட்டத் தெரிந்தவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். கமிஷன் என்ற நோய் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான் பிறக்கிறது. குறு, சிறு தொழில்முனைவோரிடம் பொருள் வாங்கினால் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. கட்டுமான வேலைகளுக்கும் இதே கண்டிப்போடு ஒரு காலவரம்பை அரசு ஏற்படுத்த வேண்டும். எந்தப் பட்டியல் எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். பட்டியல்களை வந்த வரிசைப்படியே பைசல் செய்ய வேண்டும்.

2023 டிசம்பர்

இந்தத் தூத்துக்குடி மாவட்டத்தில் நின்றுகொண்டு 2023 டிசம்பர் மழையைப் பேசாமல் இருக்க முடியாது. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. தாமிரபரணிக் கரை ஊர்களெல்லாம் தனித்தனித் தீவாகின.

அப்படிப்பட்ட நேரத்தில் 15 நாள் அறிவிப்புக் கொடுத்து மணல் மூட்டை வாங்க முடியாது. இயற்கைப் பேரிடருக்குச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு விலக்குத் தருவது நியாயம்தான். ஆனால் வெள்ளம் வந்த பிறகு கிடைத்த விலைக்கு வாங்குவது தவிர வேறு வழியில்லாமல் போகும்படி விட்டது யார்? வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. ஜே.சி.பி. மணி வாடகை, டீசல் பம்ப்செட், தார்ப்பாய், சாக்கு, ப்ளீச்சிங் பவுடர், படகு, ஜெனரேட்டர், தண்ணீர் லாரி, சமைத்த உணவு ஆகியவற்றுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே போட்டி டெண்டர் வழியாக விலை நிர்ணயித்து, தேவைப்பட்டால் மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம் செய்து வைக்கலாம். வெள்ளம் வந்த இரவில் செயல் அலுவலர் ஒரு தொலைபேசி அழைப்பில் வேலையைத் தொடங்குவார். விலை முன்பே பேசியது. பின்னால் வரும் தணிக்கைக்கும் அவர் அஞ்ச வேண்டியதில்லை.

இதைத் தனித்தனி ஊராகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்வது நல்லது. நாசரேத், ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆறுமுகநேரி, உடன்குடி, சாத்தான்குளம் ஆகியவை பக்கத்துப் பக்கத்துப் பேரூராட்சிகள். எல்லாம் வாங்குவது அதே விளக்கு, அதே ப்ளீச்சிங் பவுடர். ஒரே விலை ஒப்பந்தத்தில் சேர்ந்தால் பேரம் பேசும் பலம் கூடும், பொருளைச் சோதிக்கும் செலவும் பங்கிடப்படும். தெரு வேலைகளை உள்ளூரில் தனித்தனியாக விடுவதும், சந்தைப் பொருட்களைச் சேர்ந்து வாங்குவதும் முரண்பாடல்ல. எதை எந்த அளவில் வாங்கினால் போட்டி பெருகுமோ அந்த அளவில் வாங்க வேண்டும்.

மக்கள் படித்துப் பார்த்த இடங்கள்

மக்கள் கணக்கைப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டிலேயே சான்று உண்டு. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. வருகைப் பட்டியலையும் ரசீதுகளையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிகளே, இந்த வேலைக்கு நான் போகவில்லை, இந்தக் கட்டடம் முடியவில்லை என்று எழுந்து சொன்னார்கள். அந்தத் தீப்பொறிதான் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு தகவல் உரிமைச் சட்டமாக ஆனது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் சமூகத் தணிக்கை வந்ததும் அதன் வழியாகத்தான். நூறு நாள் வேலையில் ஏழைப் பெண் வெட்டிய குளத்துக்குச் சமூகத் தணிக்கை வந்தது. பேரூராட்சியில் லட்சக்கணக்கில் போட்ட சாலைக்கு அது இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு நீங்க வேண்டும்.

கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் பயனாளிகள் குழுவே வேலையை எடுத்துச் செய்யலாம் என்று வைத்தார்கள். பல இடங்களில் தரம் உயர்ந்தது. சில இடங்களில் குழுவின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலையை எடுத்துச் செய்தார். முறையை மாற்றினால் போதாது, பார்வையும் தொடர வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம். உக்ரைன் 2016-இல் அரசுக் கொள்முதலை புரோசோரோ என்ற இணையதளத்துக்குக் கட்டாயமாகக் கொண்டுவந்தது. அதன் கொள்கை, எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பது. தோற்றவரின் புள்ளியும் கையெழுத்தான ஒப்பந்தமும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கப்பட்டன. அதன்மேல் குடிமக்கள் கண்காணிப்புக்கென்று தொசோரோ என்ற தனித் தளமும் எழுந்தது. நம் இணையதளத்திலும் டெண்டர் அறிவிப்பு இருக்கிறது. வேலை முடிந்த பிறகு எம்-புக்கும் பட்டியலும் சோதனை முடிவும் அதே இடத்தில் ஏற வேண்டும்.

என் வேண்டுகோள்

அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள்களை முன்பே சொல்லிவிட்டேன். ஊருக்கு வைக்கும் வேண்டுகோள்கள் இன்னும் எளியவை.

மன்ற உறுப்பினர்களுக்கு: தமிழ்நாட்டின் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்குரியவை. வாறுகால் எங்கே அடைக்கிறது, குழாயில் எந்த நேரம் தண்ணீர் வருகிறது என்பது அவர்களைப்போல் யாருக்கும் தெரியாது. தீர்மானத்தில் கையெழுத்திடும் முன் மதிப்பீட்டை வாங்கிப் படியுங்கள். உங்கள் வார்டு வேலையின் எம்-புக் பக்கத்தைப் பணம் கொடுக்கும் முன் பாருங்கள். புரியாததைப் பொறியாளரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, விளக்குவது அவர் கடமை.

அலுவலர்களுக்கு: ஒவ்வொரு வேலைத்தளத்திலும் தமிழில் ஒரு பலகை வையுங்கள். வேலையின் பெயர், தொகை, ஒப்பந்ததாரர், தொடங்கிய நாள், முடிக்க வேண்டிய நாள் இவற்றோடு, சாலையின் கனம், கலவையின் தரம், பேவர் பிளாக்கின் கனம், எத்தனை ஆண்டு பழுதுப் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். 60 மில்லிமீட்டர் கல் என்று எழுதியிருந்தால் பள்ளி மாணவனும் அடிக்கோலை வைத்து அளந்துவிடுவான். இந்தப் பலகை நேர்மையான அலுவலருக்கும் காப்பு. மேலிருந்து அழுத்தம் வரும்போது, ஊரே அளந்து பார்க்கிறது ஐயா என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

கல்லூரிகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும்: கட்டுமானமும் கணக்குப் பதிவியலும் படிக்கும் மாணவர்கள் ஆண்டுக்கொரு முறை ஒரு வார்டில் முடிந்த வேலைகளை எடுத்து, மதிப்பீட்டோடும் எம்-புக்கோடும் தெருவையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை தரட்டும். அதைப் பகுதி சபைக் கூட்டத்தில் வாசிக்கட்டும். படிப்பும் ஆயிற்று, பொதுப்பணியும் ஆயிற்று.

பொதுமக்களுக்கு: கிராம சபைக்கும் பகுதி சபைக்கும் போங்கள். சாலை வேண்டும் என்று கேட்பதோடு நிற்காமல், போன ஆண்டு போட்ட சாலையின் கணக்கையும் கேளுங்கள். பழுதுப் பொறுப்புக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு தெருவில் ஒரு சுற்று நடந்து, வெடிப்புகளைப் படம் எடுத்து, அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். பிணைத்தொகை அப்போது அலுவலகத்தின் கையில்தான் இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் பழுது பார்க்கும் செலவு மீண்டும் நம் வரிப்பணத்தில்தான்.

வீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கினால் நாம் தேதியைப் பார்க்கிறோம், எடையைப் பார்க்கிறோம், ரசீதை வாங்கி வைக்கிறோம். ஊருக்கு வாங்குகிற சிமெண்டுக்கும் அதே கவனத்தைக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. இந்த ஆண்டு உங்கள் வார்டில் நடக்கும் வேலைகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, மதிப்பீட்டிலிருந்து கடைசிப் பட்டியல் வரை பின்தொடருங்கள். அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வருபவர், அப்படிப் பின்தொடர்ந்த வேலைகளின் கணக்கை இதே மேடையில் வாசிக்கட்டும் என்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.